மோட்டார் வண்டிக்கு மாற்றுச் சாமான் வாங்கும் வகை

தாராசுரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மோட்டார் வண்டியின்றித் தொழில் நடவாது என்னும் நிலை வந்து நெடுநாளாயிற்று. நெய்து முடித்த பட்டுச் சேலைகளைக் கும்பகோணத்துக் கடைகளுக்கும் அதற்கு அப்பாலும் கொண்டு சேர்ப்பது பழைய மாருதி ஆம்னி வண்டி. வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும் காய்கறி மூட்டையும் விடியுமுன் சந்தையில் வந்து இறங்குவது டாடா ஏஸ் போன்ற சிறு பாரவண்டியில். களத்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போவது டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில். இவ்வண்டிகளில் பல, புதிதாக வாங்கப்பட்டவை அல்ல. கடன் பட்டோ, இருவர் மூவர் கூடியோ, பிறர் ஓட்டி விற்றதை வாங்கியவை. வண்டி வாங்குங்கால் நாலு பேரிடம் விலை விசாரிக்கின்ற நாம், அதற்கு மாற்றுச் சாமான் வாங்குங்கால் மட்டும் மேஸ்திரி கை காட்டிய கடையில் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். சேலைக்குக் கூலி பேசும்போது பத்து ரூபாய்க்கு வாதாடுகின்ற அதே மனிதர், பெட்டியைத் திறந்துகூடப் பாராமல் ஆயிரக்கணக்கில் கொடுப்பதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம்.

நம்மூர் ஐராவதேசுவரர் கோயிலின் முன் மண்டபம் குதிரை பூட்டிய தேர் வடிவில் அமைந்திருப்பதை யாவரும் அறிவர். இரண்டாம் இராசராசன் காலத்து அந்தக் கல் தேர்ச் சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டா, மாற்றுச் சாமானும் வேண்டா. நம்முடைய வண்டிகளின் நிலை அதுவன்று. ஓடுகின்ற ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒன்று தேய்கிறது. தேய்ந்ததற்கு ஈடாக எதை, எங்கே, எவ்விலைக்கு வாங்குவது என்பதே இப்பாடத்தின் பொருள். அதிக விலை கொடுப்பது ஒருவகை நஷ்டம். அது பணத்தோடு போய்விடும். போலிச் சாமான் வாங்குவதோ வேறு வகை நஷ்டம். இரண்டு டன் நெல்லும் அதன்மேல் நான்கு ஆட்களும் ஏறிய டிரெய்லர் அரசலாற்றுப் பாலத்து இறக்கத்தில் வரும்போது, பிரேக் மிதியின் கீழே இருப்பது எத்தகைய ரப்பர் என்பது உயிர்ப் பிரச்னையாகிவிடும். (நெல் டிரெய்லரின்மேல் ஆட்களை ஏற்றுவதே கூடாதென்பது தனிச் செய்தி.)

சாமானின் வகைகள்

கடையில் ஒரே சொல்லால் கேட்கப்படும் சாமான் உண்மையில் ஐந்து வகைப்படும். வண்டி செய்த கம்பெனியின் பெயரும் பெட்டியும் தாங்கி வருவது முதல் வகை. இதனைக் கடைக்காரர் ‘கம்பெனி சாமான்’ அல்லது ‘ஜெனுயின்’ என்பர். அந்தக் கம்பெனிக்கு அப்பாகத்தைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை, அதையோ அதற்கு இணையானதையோ தன் சொந்தப் பெயரிட்டுச் சந்தைக்கு அனுப்புவது இரண்டாம் வகை, இதற்கு ‘ஓ.இ.’ என்று வழக்கு. வண்டிக் கம்பெனியோடு தொடர்பற்ற ஒருவர் அளவு பார்த்துச் செய்து தம் பெயரிலேயே விற்பது மூன்றாவது. பிறர் பெயரையும் பெட்டியையும் திருடிக்கொண்டு வருவது நான்காவது. போலி என்று நாம் சொல்வது இதனையே. கழித்த வண்டியிலிருந்து கழற்றி எடுத்தது ஐந்தாவது.

மூன்றாவதையும் நான்காவதையும் ஒன்றாக எண்ணி மயங்குவோர் பலர். விவசாயிகளுக்கு இவ்வேறுபாடு விளங்குவது எளிது. சான்று பெற்ற விதையின் மூட்டையில் நீல அட்டை கட்டியிருக்கும். பக்கத்து வயல்காரரிடம் அட்டையில்லாத விதை வாங்குகிறோம். அவர் தம் விதை என்று சொல்லியே தருகிறார். முளைப்பும் முளையாமையும் அவர் நாணயத்தையும் நம் அனுபவத்தையும் பொறுத்தது. நீல அட்டையைத் தாமே அச்சிட்டு மூட்டையில் கட்டுகிறவர் செய்வது முற்றிலும் வேறு செயல். நெசவாளருக்கோ ஜரிகையைச் சொன்னால் போதும். அரை வெள்ளி ஜரிகையை அரை வெள்ளி என்று சொல்லி விற்றால் வியாபாரம்; அசல் என்று சொல்லி விற்றால் மோசடி. பெயரற்ற மலிவுச் சாமானும் அவ்வாறே. வண்டியின் கதவுக் கைப்பிடிக்கு அது தாராளமாகப் போதும். ஸ்டியரிங் மூட்டுக்குப் போதாது.

செய்கிறவர் யார்?

ஒரு கார்க் கம்பெனி தன் வண்டியின் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. எஞ்சின், உடற்கூடு முதலியவற்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைப் பல தொழிற்சாலைகளிடம் வாங்கிக் கோக்கின்றது. இந்தியாவில் இம்முறை வேரூன்றியதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. 1953-இல் வரிக் கமிஷனின் ஆராய்ச்சிக்குப் பின், கார்களை இந்நாட்டிலேயே படிப்படியாகச் செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று சர்க்கார் முடிவு செய்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களை இறக்கி இங்கே பூட்டி மட்டும் விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அக்காலத்தில் வெளியேறின. தங்கிய கம்பெனிகளுக்குப் பிஸ்டனும் பிரேக்கும் சக்கரமும் உள்நாட்டிலேயே தேவைப்பட்டன.

அத்தேவையை நிறைவேற்றியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. சிம்ப்ஸன் குழுவினர் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கினர். 1911-இல் மதுரையில் சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்திலிருந்து, 1960-க்கும் 1962-க்கும் இடையில் சென்னைப் பாடியில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன: சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் மின் கருவிகளுக்கும் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்குக்குப் பிரேக்ஸ் இந்தியா, காற்றுப் பிரேக்குக்குச் சுந்தரம் கிளேட்டன். போல்ட்டும் நட்டும் செய்யத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸனர்ஸ், 1990-களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. ரானே குழுவினர் ஸ்டியரிங் மூட்டுகள், எஞ்சின் வால்வுகள், பிரேக் லைனிங் ஆகியவற்றில் பெயர் பெற்றனர். கோயம்புத்தூரில் பிரிக்கால் நிறுவனம் மீட்டர்களையும், ரூட்ஸ் நிறுவனம் ஹாரன்களையும் செய்கின்றன. பெங்களூரில் மைக்கோ என்று நம் மேஸ்திரிகள் இன்றும் அழைக்கும் பாஷ் நிறுவனம், 1951 முதல் ஸ்பார்க் பிளக், டீசல் பம்பு முதலியவற்றுக்குப் பேர்போனது.

இதனை இவ்வளவு விரித்துக் கூறுவதன் பயன் யாதெனில், கார்க் கம்பெனியின் பெட்டியில் அதிக விலைக்கு விற்கும் பாகம், அதைச் செய்த தொழிற்சாலையின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்குப் பக்கத்துக் கடையிலேயே இருக்கக்கூடும். கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து அதன்மேல் வார்த்திருக்கும் பெயரைப் பாருங்கள். கார்க் கம்பெனியின் பெயரோடு செய்தவரின் பெயரோ முத்திரையோ அதில் காணப்படுவதுண்டு. அப்பெயரைச் சொல்லிக் கடையில் கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலும், ‘ஆம்னிக்கு ஸ்டார்ட்டர் கொடுங்கள்’ என்று கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இரா.

இந்த இரண்டாம் வகைச் சாமானைச் சந்தைக்கு வரவிடாமல் தடுத்தது பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2011-இல் ஒருவர், ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன், ஃபியட் ஆகிய கம்பெனிகளின் உதிரிப் பாகங்கள் வெளிக்கடையில் கிடைப்பதில்லை என்றும், கம்பெனியின் சொந்த டீலரிடமே போய்க் கேட்ட விலை கொடுக்க நேர்கிறதென்றும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். விசாரணை மற்றக் கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்டு 25-ஆம் நாள் ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தங்களுக்குப் பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் அப்பாகத்தை நேரே சந்தையில் விற்கக் கூடாதென அவை தடுத்ததும், வெளிப் பட்டறைகளுக்குப் பாகங்களையும் பழுது காணும் கருவிகளையும் கொடுக்க மறுத்ததும் தவறு என்பது தீர்ப்பு. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தது ஒன்றையே காரணமாகக் காட்டி உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்வதாகப் பொதுப்பட நிபந்தனை விதிக்கக் கூடாதென்றும் ஆணையம் கூறிற்று. கம்பெனிகள் மேல் வழக்காடின. 2016 டிசம்பரில் மேல் முறையீட்டு மன்றம், தன்னிடம் வந்த மூன்று கம்பெனிகளின் விஷயத்தில் குற்றத்தை உறுதி செய்து, அபராதத் தொகையை மட்டும் குறைத்தது. அமெரிக்காவில் இதனையொத்த கொள்கை 1975-ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டத்திலேயே இடம் பெற்றது. இங்கே அது நாற்பது ஆண்டு பிந்தி வந்தது. ஆதலால், ‘வெளியே சாமான் வாங்கினால் உத்தரவாதம் போய்விடும்’ என்று யாரேனும் மிரட்டினால், எந்தப் பாகத்துக்கு, எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேட்பதே தகும்.

எங்கே போவது?

அன்றாடம் தேயும் சாமான்களுக்கு — எண்ணெய் வடிகட்டி, காற்று வடிகட்டி, பிரேக் பேடு, கிளட்ச் கம்பி, விசிறி பெல்ட், பல்பு — கும்பகோணத்துக் கடைத்தெருவைத் தாண்டவேண்டிய தேவையில்லை. பக்கத்துக் கடையில் வாங்குவதில் ஒரு நன்மை உண்டு: பொருந்தாததைத் திருப்பிக் கொடுக்கலாம், மறுநாளும் அதே முகத்தைப் பார்க்க வேண்டியவர் எளிதில் ஏமாற்றமாட்டார். அங்கே இல்லாதவற்றுக்குத் தஞ்சாவூர், அடுத்துத் திருச்சி. இன்னதென்று பாக எண்ணோடு சொன்னால் பெரிய கடைகள் பார்சல் லாரியிலோ பஸ்ஸிலோ அனுப்பிவிடும், நேரில் போகவேண்டியதில்லை.

சென்னையில் புதுச் சாமானுக்குப் பேர்போன இடம், அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. இரண்டும் ஒன்றுக்கொன்று வெகு தூரமில்லை. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து புதுப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். கூவத்தின் கரையோரத்துச் சிறு சந்துகளில் கதவு ஒரு கடையிலும், விளக்கு மற்றொன்றிலும், எஞ்சின் வேறொன்றிலுமாகக் குவித்திருக்கும் இந்தச் சந்தை போன்றவை பிற பெருநகரங்களிலும் உண்டு. டில்லியில் புதியதற்குக் காஷ்மீரி கேட், பழையதற்கு மாயாபுரி, கல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. சாலையும் சிவாஜி நகரும். இத்தகைய கடையை நாம் ‘காயலான் கடை’ என்கிறோம். காயல்பட்டினத்து வணிகர் பழம்பொருள் வாணிகம் செய்ததால் அப்பெயர் வந்ததென்பர். பெயரில் இகழ்ச்சி ஒன்றுமில்லை. நல்ல பழைய கதவுக்கும் கண்ணாடிக்கும் அதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

ஆயினும் புறப்படுமுன் கணக்குப் போடவேண்டும். ஒரு சாமானில் 600 ரூபாய் மிச்சமாகும் என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்குப் போய்வரக் கட்டணமும் சாப்பாடும் 700 ரூபாய் ஆனால், ஒரு நாள் தறி நின்ற கூலியைச் சேர்க்காமலே நஷ்டம். எஞ்சின் தலை, கியர் பெட்டி, முழுக் கதவு போன்ற பெருஞ்சாமானுக்கே அப்பயணம் தகும். அதுவும் பழைய பாகத்தைச் சாக்கில் கட்டிக் கையோடு கொண்டுபோனால்தான். நினைவில் வைத்த அளவை நம்பிப் போனவர் இருமுறை ரயிலேறுவார்.

பழையதில் ஆகுமானதும் ஆகாததும்

கழித்த வண்டியின் பாகத்தில் கதவு, பானெட், இருக்கை, கண்ணாடி, விளக்குக் கூடு, டாஷ்போர்டு இவற்றை அச்சமின்றி வாங்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் முதலியவற்றைக் கடையிலேயே பாட்டரியில் பூட்டி ஓடவிட்டுப் பார்த்து வாங்கலாம். கியர் பெட்டியாயின் எண்ணெய் மூடியைத் திறந்து, விரலில் தொட்டு, இரும்புத் தூள் மின்னுகிறதா என்று பார்ப்பது மேஸ்திரிகளின் வழக்கம், நல்ல வழக்கம்.

பிரேக்கைச் சேர்ந்த எதையும் பழையதாக வாங்கவே கூடாது. லைனிங், சிலிண்டர் ரப்பர், குழாய் எல்லாம் இதில் அடங்கும். ஸ்டியரிங்கின் டை ராடு முனை, பால் ஜாயின்ட், டைமிங் பெல்ட், கிளட்ச் தட்டு, காற்றுப்பை ஆகியனவும் அவ்வகையே. ரப்பர் வெளிக்குப் பளபளப்பாக இருந்தும் உள்ளே வெடித்திருக்கும். இரும்பின் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. பழைய டயர் பற்றியும் ஒரு சொல். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. புதியதென்று விற்கும் டயரும் கடையில் பல ஆண்டு கிடந்ததாக இருக்கலாம். இலக்கத்தைப் படித்துவிட்டு விலை பேசுக.

வெள்ளத்தில் முழுகிய வண்டியின் மின் கருவிகளை வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பதை நாம் மறக்கவில்லை. முழுகிய கம்பிச் சுருளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் உலர்ந்தபின் சில மாதம் நன்றாகவே வேலை செய்யும். பிறகு முனைகளில் பச்சை பூத்து ஒவ்வொன்றாக நிற்கும். பிளக்கைக் கழற்றி உள்ளே பச்சையோ சேறோ படிந்துள்ளதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

எஞ்சின் வாங்குவோர் அறியவேண்டியது இன்னொன்று உண்டு. எஞ்சின் எண் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டது. மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ளவேண்டும். விற்கிறவரின் பெயர், முகவரியோடு, எஞ்சின் எண்ணும் எழுதிய ரசீது இல்லாமல் தொடவேண்டா. திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்குவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 317-ஆம் பிரிவின்படிக் குற்றமாகும். எண்ணைத் தேய்த்து அழித்த எஞ்சினை வாங்கிவிட்டு, அறியாமல் வாங்கினேன் என்றால் யார் நம்புவர்? 2021-இல் வந்த விதிகளின்படிப் பதிவு பெற்ற வண்டிக் கழிப்பு நிலையங்கள் ஏற்பட்டு வருகின்றன. அங்கே கணக்கோடு வண்டிகள் கழிக்கப்படுவதால், அவற்றின் பாகங்கள் சந்தையில் பெருகும்போது இச்சந்தேகம் குறையுமென்று எதிர்பார்க்கலாம்.

போலியைக் கண்டுகொள்ளல்

போலி அதிகம் வருவது, விரைவில் தேய்ந்து அடிக்கடி வாங்கப்படும் சிறு சாமான்களிலேயே. எண்ணெய் வடிகட்டியைக் கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது அரிது. உள்ளேயிருக்கும் காகித மடிப்பும் வால்வுமே வடிகட்டியின் சாரம், அவையோ தகரத்துக்குள் மறைந்திருக்கின்றன. ஆகவே பெட்டியைப் படிக்கக் கற்கவேண்டும். 2011-ஆம் ஆண்டின் சட்ட அளவை விதிகளின்படி, கட்டிய பொருளின் மேல் செய்தவர் அல்லது கட்டியவர் பெயரும் முகவரியும், செய்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் உட்பட்ட உச்ச விலையும், புகார் கூறவேண்டிய இடமும் அச்சிட்டிருக்கவேண்டும். முகவரியில்லாத பெட்டி, மேலொட்டிய விலைச் சீட்டு, எழுத்துப் பிழையுள்ள பெயர் இவற்றைக் கண்டால் பெட்டியை மேசைமேல் வைத்துவிடுக. பெரிய கம்பெனிகள் பெட்டியில் சுரண்டிப் பார்க்கும் எண்ணோ, கைப்பேசியில் காட்டிச் சரிபார்க்கும் சதுரக் குறியோ அச்சிடுகின்றன; வீட்டில் படிக்கின்ற பிள்ளைகள் அதனை ஒரு நொடியில் செய்து கொடுப்பார்கள். எடையும் ஒரு சாட்சி. பழைய அசல் பாகத்தையும் புதியதையும் இரு கைகளில் ஏந்திப் பாருங்கள். பட்டின் எடையைக் கையில் அறிந்த நெசவாளருக்கு இது சொல்லித் தரவேண்டியதன்று.

பிரேக் எண்ணெயைச் சில்லறையாக, திறந்த டப்பாவிலிருந்து அளந்து வாங்கவே வேண்டா. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய், பிரேக் சூடேறுங்கால் கொதித்து ஆவியாகி, மிதி தரையைத் தொடும். காவிரிக் கரையின் ஈரக் காற்றில் திறந்த டப்பா எத்தனை நாள் கெடாமலிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. முத்திரையிட்ட சிறு டப்பாவாக, வண்டிக்குரிய டாட் 3 அல்லது டாட் 4 எண் பார்த்து வாங்கி, மிஞ்சியதை எறிந்துவிடுவதே சிக்கனம்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்போர் பெட்ரோல் குழாய் மாற்றுங்கால் ஒன்று கேட்கவேண்டும். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் சேர்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பின் செய்த கார்களின் ரப்பர்கள் அதனைத் தாங்குமாறு அமைந்தவை. பழைய ஆம்னியின் ரப்பர் அதற்கென அமைந்ததன்று. புதுக் குழாயும் வாஷரும் வாங்கும்போது, அக்கலப்பைத் தாங்குவதாகச் செய்தவர் எழுதியிருக்கும் சாமானையே கேட்டு வாங்குக.

விலையும் ரசீதும்

2025 செப்டம்பர் 22 முதல் மோட்டார் உதிரிப் பாகங்களுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18 என ஒரே அளவாக்கப்பட்டது. முன்னர் பலவற்றுக்கு 28. வரிக்கு முன் 1,000 ரூபாயுள்ள சாமான் 1,280-இலிருந்து 1,180 ஆகியிருக்கவேண்டும். டிராக்டர் டயருக்கும், டிராக்டருக்கென்றே உரிய குறிப்பிட்ட பாகங்களுக்கும் 18-இலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய சரக்கில் பழைய உச்ச விலை அச்சிட்டிருக்கலாம். ரசீதில் வரி எவ்வளவு போட்டிருக்கிறதென்று பார்த்தால் உண்மை தெரியும். ‘பில் வேண்டாமென்றால் வரி இல்லாமல் தருகிறேன்’ என்பது நம் கடைத்தெருக்களில் பழகிய வாசகம். அவ்வரியை மிச்சம் பிடித்தவர், சாமான் மூன்றாம் நாள் உடைந்தால் எதைக் காட்டித் திருப்பிக் கேட்பார்? ரசீது உள்ளவர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம்.

மேஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இப்பகுதி முடியாது. அவர் அனுப்பிய ஆளுக்குக் கடைக்காரர் கழிவு கொடுப்பது ஊரறிந்தது. அதனைப் பெருங்குற்றமாக நாம் கருதவில்லை. அவருடைய கூலியை நாம் மட்டுமீறிக் குறைத்துப் பேசுவதால்தான் அவர் சாமானில் ஈடு செய்கிறார். கூலியைத் தாராளமாகத் தனியே பேசி, சாமானை நாமே வாங்கித் தருகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் மனக்கசப்பு இல்லை. கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் வேண்டும். உண்மையில் மாற்றப்பட்டதா என்பதற்கு அதுவே சாட்சி; அடுத்த முறை அளவுக்கும் அதுவே மாதிரி.

வழக்கொழிந்த வண்டிகள்

பழைய வண்டி வாங்க எண்ணுவோர் வண்டியின் விலையைவிட அதன் சாமான் கிடைக்கும் வழியையே முதலில் விசாரிக்கவேண்டும். மாருதி 800 வண்டி 1983 டிசம்பரில் வந்து 2014-இல் நின்றது. ஆம்னி 2019-இல் நின்றது. எனினும் இரண்டும் 796 கன செண்டிமீட்டர் கொண்ட ஒரே இன எஞ்சினைப் பகிர்ந்தமையால், எஞ்சின் சாமான் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கிறது. 2014 மே மாதம் உற்பத்தி நின்ற அம்பாஸடருக்கும் இன்னும் தட்டில்லை. அதன் சில புஷ்களை நம்மூர் லேத்துப் பட்டறைக்காரர் மாதிரி பார்த்துக் கடைந்து கொடுத்துவிடுவார்; பித்தளை கடைந்து பழகிய கைகளுக்குக் கும்பகோணத்தில் குறைவில்லை. கியூபா நாட்டில் 1950-களின் அமெரிக்கக் கார்கள் இன்றும் ஓடுவது இத்தகைய பட்டறைகளாலேயே. மாறாக, 2017-இன் இறுதியில் செவர்லே விற்பனை நின்றது. 2021-இல் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சாமான் தொடர்ந்து தருவதாகக் கம்பெனிகள் கூறினாலும், மலிவாகக் கிடைக்கிறதென்று அத்தகைய வண்டியை வாங்குமுன், அதன் முன் விளக்கும் கிளட்ச் தட்டும் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று ஒரு கடையில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுப்பது நலம்.

கூடி வாங்குதல்

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமில்லாத மாவும் சரியான நிறையும் அவர்கள் வேண்டியவை. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்ததும் ஏறத்தாழ அதே நோக்கத்தால்தான். போலிச் சாமான் மோட்டார்த் தொழிலின் கலப்படம். ஆதலால் இங்கும் அம்முறை பயன் தரும்.

ஒரே இன வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர் ஐந்தாறு பேர் சேர்ந்தால், வடிகட்டி, பிரேக் பேடு, பெல்ட் போன்றவற்றை விநியோகஸ்தரிடமே ஒரு பெட்டியாக வாங்கலாம். சில்லறைக் கடைக்காரரின் லாபம் மிஞ்சுவதோடு, சரக்கு எங்கிருந்து வந்ததென்பதும் தெரியும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. மலிவென்று கண்டதை எல்லாம் வாங்கி அலமாரியில் அடுக்கினால் சங்கத்தின் முதல் அங்கே உறங்கும். வண்டி இனம் மாறிவிட்டால் அந்தச் சரக்கு காயலான் கடைக்கே போகும். ஆகவே தேவையை எழுதிக் கொடுத்து முழுப் பணமும் கட்டியவர்களுக்கு மட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தேயும் சாமான்களை மட்டும் வாங்குவதென்று வரையறுத்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டில் பாக எண், செய்தவர் பெயர், வாங்கிய நாள், கொடுத்த விலை, ஓடிய கிலோமீட்டர் ஐந்தையும் குறித்துவந்தால், எந்தப் பெயர் எத்தனை நாள் உழைத்ததென்று ஓராண்டில் நமக்கே தெரிந்துவிடும்.

டிராக்டர்காரர்களுக்கு ஒரு குறிப்பு. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் கடைமடையை எட்டுமுன் உழவு தொடங்கிவிடும். அப்போதும், தை மாதத்துச் சம்பா அறுவடையின் போதும், எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே சாமானைக் கேட்பார்கள். கிடைத்ததை வாங்க நேரும். ஹைட்ராலிக் வாஷர், கிளட்ச் தட்டு, டீசல் வடிகட்டி, விசிறி பெல்ட் இவற்றைச் சித்திரையிலேயே பார்த்து, மாற்றவேண்டியதை எழுதிக் கொடுப்பவர்களின் பட்டியல் வைகாசி முதல் வாரத்துக் கொள்முதலில் சேர்த்துக்கொள்ளப்படும். பழைய பாகத்தையோ அதன்மேலுள்ள எண்ணையோ பட்டியலோடு கொண்டுவருக.